நான்கு தோல்வி, 77 நாள்: கிரிஸ்டல் பேலஸ் ரசிகர்கள் எதற்காகச் சண்டையிட்டார்கள்?

2017 செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில், பர்ன்லி கிளப்பின் டர்ஃப் மூர் மைதானத்தில் கால்பந்து ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம்தான் ஆகிறது. கிரிஸ்டல் பேலஸின் தென்கொரிய வீரர் லீ சுங்-யோங், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காமலேயே தன் கோல் பக்கம் ஒரு பாஸ் கொடுத்தார். பந்து நேராகப் பர்ன்லியின் ஸ்ட்ரைக்கர், அதாவது முன்னால் நின்று கோல் அடிக்கும் ஆள், கிறிஸ் வுட்டிடம் போய்ச் சேர்ந்தது. முன்னே வந்துவிட்ட கோல் கீப்பர் வெயின் ஹென்னஸியால் திரும்ப முடியவில்லை. வுட் அடித்த பந்து வலைக்குள் போனது. மீதி 87 நிமிடமும் பேலஸ்தான் பந்தை வைத்திருந்தது, இருபது தடவைக்கு மேல் கோலை நோக்கி அடித்தது. ஒன்றும் உள்ளே போகவில்லை. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் ஸ்காட் டானுக்குக் கோலுக்கு மிக அருகில் தலையால் முட்ட ஒரு வாய்ப்பு கிடைத்தது, அதுவும் வெளியே போனது. 0-1.

மறுநாள் பேலஸ் அணியைப் பயிற்றுவித்து நடத்தும் மேனேஜர் ஃபிராங்க் டி போயர் நீக்கப்பட்டார். பதவியேற்று 77 நாள், நான்கு லீக் ஆட்டம், நான்கும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்கின் வரலாற்றில் அத்தனை குறைந்த ஆட்டங்களில் வேலை இழந்த நிரந்தர மேனேஜர் அதுவரை யாரும் இல்லை.

பேலஸ் ரசிகர்கள் அந்த ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை, தடுமாறும் எந்தக் கிளப்பின் ரசிகர்களும் போடும் சண்டைதான். மேனேஜரைத் தூக்கலாமா, பொறுக்கலாமா? குற்றம் ஆட்ட முறையிலா, ஆட்களிலா, முதலாளியிடமா? ஆனால் பேலஸின் வழக்கைத் தனியாக எடுத்து ஆராய ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அதே சீசனில் இன்னொரு கிளப்பும் முதல் நான்கு ஆட்டங்களைத் தோற்றது. அந்தக் கிளப் மேனேஜரைத் தொடவில்லை. ரசிகர்களின் வாதங்களைச் சோதித்துப் பார்க்க இப்படி ஒரு ஜோடி எளிதில் அமையாது. அதற்கு வருமுன் பேலஸின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

தீயணைப்பு வண்டியே வீடாகிப்போன கிளப்

பேலஸ் தெற்கு லண்டன் கிளப். செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானம் வீடுகளுக்கு நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. 2010 ஜனவரியில் கிளப் கடனில் மூழ்கித் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது, லீக்கில் 10 புள்ளியும் வெட்டப்பட்டது. அந்த ஆண்டு கோடையில் கிளப்பை வாங்கி மூச்சு கொடுத்தது, பேலஸ் ரசிகர்களான நான்கு பணக்காரர்களின் கூட்டணி. அவர்களில் ஒருவரான ஸ்டீவ் பாரிஷ்தான் தலைவர். ரசிகர்கள் தலைவரைத் திட்டும்போதும் குரலில் ஒரு தயக்கம் இருந்ததற்கு இதுதான் காரணம். அவர் இல்லாவிட்டால் திட்டுவதற்குக் கிளப்பே இருந்திருக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

2013இல் பிரீமியர் லீக்குக்கு ஏறிய பிறகு நடந்ததைப் பாருங்கள். முதல் எட்டு ஆட்டத்தில் மூன்றே புள்ளி, இயன் ஹாலவே போனார். டோனி புலிஸ் வந்தார், பின்வரிசையை இறுக்கிப் பூட்டினார், 45 புள்ளியோடு 11ஆம் இடம். அடுத்த சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது புலிஸ் விலகினார். நீல் வார்னாக் வந்தார், கிறிஸ்துமஸ் முடிந்ததும் போனார். ஆலன் பார்டியூ வந்து 10ஆம் இடத்துக்கு ஏற்றினார், 2016 டிசம்பரில் அவரும் நீக்கப்பட்டார். சாம் அலர்டைஸ் வந்தார். 2017 ஏப்ரலில் செல்சி, ஆர்சனல், லிவர்பூல் மூன்றையும் தோற்கடித்து, 41 புள்ளியோடு 14ஆம் இடத்தில் நிறுத்திவிட்டு, மே மாதம் ஓய்வு என்று சொல்லி அவரும் கிளம்பிவிட்டார்.

ஆக, நான்கு சீசனில் ஒரே கதை. குளிர்காலத்தில் தீப்பிடிக்கும், தீயணைக்க ஒருவர் வருவார், அணைத்துவிட்டுப் போவார். இதில் சலிப்பு வராத ரசிகர் இருக்க முடியாது. பாரிஷும் ரசிகர்தானே, அவருக்கும் சலித்திருக்க வேண்டும். 2017 ஜூன் 26 அன்று அவர் எடுத்த முடிவை அந்தச் சலிப்பை ஒதுக்கிவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது.

டி போயர் அயாக்ஸ் மேனேஜராக 2011 முதல் 2014 வரை தொடர்ச்சியாக நான்கு முறை டச்சு லீக் கோப்பை வென்றவர். பந்தைப் பின்வரிசையிலிருந்தே கட்டி எழுப்பும் பள்ளியில் வளர்ந்தவர். இத்தாலியின் இன்டர் மிலான் அவரை 85 நாளில் அனுப்பிவிட்டது என்ற தகவலும் கையில் இருந்தது. மூன்று ஆண்டு ஒப்பந்தம். இனி நாமும் பந்தை வைத்து ஆடுகிற கிளப், இனி தீயணைப்பு இல்லை என்பதுதான் அந்த நியமனத்தின் பொருள்.

நான்கு ஆட்டம்

ஆகஸ்ட் 12, சொந்த மைதானம். எதிரணி ஹடர்ஸ்ஃபீல்ட், 45 ஆண்டுக்குப் பிறகு முதல் டிவிஷனுக்குத் திரும்பிய கிளப். பேலஸ் 3-4-3இல் இறங்கியது, அதாவது பின்னால் மூன்று டிஃபெண்டர், நடுவில் நான்கு பேர், முன்னால் மூன்று பேர். பேலஸின் ஜோயல் வார்ட் தன் வலைக்கே அடித்த செல்ஃப் கோல், ஸ்டீவ் மூனியேவின் இரண்டு கோல், 0-3. அன்றைக்கு நடந்த இன்னொன்று அந்த ஸ்கோரைவிடக் கனமானது: வில்ஃப்ரெட் சாஹாவின் முழங்கால் காயம். ஸ்கோர் கண்ணில் குத்தியதால் இதன் முழு எடை அப்போது தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்து ஆன்ஃபீல்டில் சாடியோ மானே அடித்த ஒரே கோலில் லிவர்பூலிடம் தோல்வி. இடையில் லீக் கப்பில் இப்ஸ்விச்சை 2-1 என்று வென்றார்கள், டி போயரின் ஒரே வெற்றி அதுதான். ஆகஸ்ட் 26 அன்று சொந்த மைதானத்தில் ஸ்வான்சியிடம் 0-2. பிறகு சர்வதேச ஆட்டங்களுக்காக இரண்டு வார இடைவெளி. ரசிகர்களின் சண்டை உச்சத்துக்குப் போனது அந்த இரண்டு வாரத்தில்தான். ஆட்டம் இல்லாத வாரத்தில்தான் எந்த ஊரிலும் ரசிகர்கள் அதிகம் பேசுகிறார்கள். பிறகு பர்ன்லி.

யார் என்ன சொன்னார்கள்

ஒரு தரப்பு 3-4-3ஐப் பிடித்துக்கொண்டது. இந்த வீரர்களுக்கு இது ஒத்துவராது என்பது அவர்கள் வாதம். இதில் பொருள் இருக்கிறது. பேலஸ் நான்கு ஆண்டாகக் கற்றுவைத்திருந்தது ஒரு விஷயம்: பின்னால் கூட்டமாக நின்று தாங்கு, பந்து கிடைத்ததும் சாஹாவுக்கோ ஆண்ட்ரோஸ் டவுன்செண்டுக்கோ அனுப்பு, அவர்கள் ஓடட்டும். மூன்று பேர் பின்வரிசையில் நின்று ஆட வேண்டுமென்றால் அந்த மூவருக்கும் பந்தோடு நிதானம் வேண்டும். இரண்டு பக்கமும் ஓயாமல் மேலும் கீழும் ஓடும் விங்-பேக்குகள் வேண்டும். அலர்டைஸ் விட்டுச்சென்ற டிஃபெண்டர்கள் பந்தை வெளியே அடித்துத் தள்ளுவதில் கெட்டிக்காரர்கள். எதிரி மேலே வந்து அழுத்தும்போது சின்னச் சின்னப் பாஸ் போட்டு வெளியேறுவது அவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை.

இந்தத் தரப்பின் கோபத்துக்கு அடியில் இருந்தது பயம். அந்தச் சீசனில் பிரீமியர் லீக்கில் கடைசி இடம் பிடித்த கிளப்புக்கே லீக்கின் பங்காக ஏறத்தாழ 95 மில்லியன் பவுண்டு கிடைத்தது. சீசன் முடிவில் கடைசி மூன்று கிளப்புகள் அடுத்த டிவிஷனுக்கு இறக்கப்படும், அப்படி இறங்கினால் அது கரைந்துவிடும். 2010இல் கிளப் செத்துப் பிழைத்ததைப் பார்த்தவர்கள், அழகான ஆட்டத்துக்காக இந்தச் சூதாட்டம் தேவையா என்று கேட்டால் அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்லமாட்டேன்.

அடுத்த தரப்பு, நேரம் கொடுங்கள் என்றது. நான்கு ஆட்டத்தில் என்ன தெரிந்துவிடும்? மூன்று ஆண்டுக்குக் கையெழுத்து வாங்கிவிட்டு மூன்று மாதம்கூடத் தராவிட்டால் பிறகு எந்த நல்ல மேனேஜர் இங்கே வருவார்? பர்ன்லி ஆட்டம் இவர்களுக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆதாரம். நான்கில் பேலஸ் நன்றாக ஆடியது அந்த ஆட்டத்தில்தான், அதற்கு அடுத்த நாளே மேனேஜர் போனார். நியாயம் என்ற தராசில் வைத்தால் இவர்கள் சொன்னது முழுக்கச் சரி.

மூன்றாவதாக ஒரு குரல் இருந்தது. எண்ணிக்கையில் குறைவோ அதிகமோ, என் பார்வையில் உண்மைக்கு மிக நெருக்கமாக நின்றது இந்தக் குரல்தான். அவர்கள் கேட்டது: நம்மிடம் எத்தனை ஸ்ட்ரைக்கர் இருக்கிறார்கள்?

பதில், ஒருவர். கிறிஸ்டியன் பென்டெக்கே. முந்தைய சீசனில் லீக்கில் 15 கோல் அடித்தவர். அவருக்குக் காயம் பட்டாலோ, அவர் தடுமாறினாலோ அனுபவமுள்ள மாற்று ஆள் கிடையாது. சாஹாவுக்கும் மாற்று இல்லை. அந்தக் கோடையில் வந்தவர்கள் நான்கு பேர். செல்சியிலிருந்து தற்காலிகக் கடனாக ரூபன் லாஃப்டஸ்-சீக், மான்செஸ்டர் யுனைடெட்டிலிருந்து கடனாக டிமோத்தி ஃபோசு-மென்சா, அயாக்ஸிலிருந்து ஜைரோ ரீட்வால்ட், வீரர்களை வாங்கும் கெடு முடியும் நாளில் லிவர்பூலிலிருந்து மமாடூ சாக்கோ. சாக்கோ வந்து சேர்வதற்குள் மூன்று ஆட்டம் முடிந்துவிட்டது. இந்த நால்வரில் கோல் அடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர் யாராவது இருக்கிறாரா? ஒருவரும் இல்லை.

ஒரு கிளப் தன் ஆட்டத்தை அடியோடு மாற்றப்போவதாக ஜூனில் அறிவிக்கிறது. அந்த மாற்றத்துக்குத் தேவையான ஆட்களை ஆகஸ்ட் இறுதிவரை வாங்கி முடிக்கவில்லை. செப்டம்பர் 11 அன்று மாற்றத்தையே கைவிடுகிறது. இதில் 3-4-3 எங்கே வருகிறது? நான்கு பேர் பின்வரிசையில் நின்றிருந்தாலும் கோல் அடிக்க ஆள் வேண்டாமா? பர்ன்லியில் இருபதுக்கும் மேற்பட்ட ஷாட் வீணானதற்கு எந்த ஃபார்மேஷனைக் குற்றம் சொல்வது?

மாற்றம் வந்த பிறகு

செப்டம்பர் 12 அன்று ராய் ஹாட்ஜ்சன் வந்தார். வயது 70. பேலஸின் கொல்லைப்புறமான கிராய்டனில் பிறந்தவர், சிறுவனாகப் பேலஸின் இளையோர் அணியில் ஆடியவர். ஆனால் முந்தைய ஆண்டு யூரோ போட்டியில் ஐஸ்லாந்திடம் தோற்று இங்கிலாந்து பயிற்சியாளர் பதவியை விட்டு விலகியிருந்தார். எதிர்காலத்துக்கு என்று டி போயரைக் கூட்டி வந்துவிட்டு, இப்போது கடந்த காலத்துக்கே திரும்பிவிட்டோமே என்ற ஆதங்கம் பொறுமைத் தரப்பில் வெளிப்படையாகவே இருந்தது.

ஹாட்ஜ்சன் நான்கு பேர் பின்வரிசைக்குத் திரும்பினார். முடிவு? சவுத்தாம்ப்டனிடம் 0-1. மான்செஸ்டர் சிட்டியிடம் 0-5. மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 0-4. ஏழு ஆட்டம், ஏழு தோல்வி, ஒரு கோலும் இல்லை. இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் இப்படித் தொடங்கிய கிளப் அதற்கு முன் எதுவும் கிடையாது. சிட்டி ஆட்டத்தில் பென்டெக்கேவுக்கும் முழங்காலில் அடிபட்டது. இருந்த ஒரே ஸ்ட்ரைக்கரும் போனார்.

இங்கே ஒரு விஷயத்தைக் குறித்துவைக்க வேண்டும். 2018 மார்ச்சில் ஜோசே மொரின்யோ, டி போயரைப் பிரீமியர் லீக்கின் மிக மோசமான மேனேஜர் என்று சொன்னார். ஏழு ஆட்டம், ஏழு தோல்வி, பூஜ்யம் கோல் என்று கணக்கும் காட்டினார். கணக்கு தப்பு. அந்த ஏழில் மூன்று தோல்வி ஹாட்ஜ்சனுடையது. அந்த மூன்றில் ஒன்று மொரின்யோவின் சொந்த அணியே கொடுத்த 0-4. மோசமான தொடக்கம் என்று ஒன்று வந்துவிட்டால் எல்லாவற்றையும் ஒரு ஆளின் தலையில் கட்டிவிடும் பழக்கம் ரசிகர்களுக்கு மட்டும் உரியதல்ல.

அக்டோபர் 14. செல்ஹர்ஸ்ட் பார்க்கில் நடப்புச் சாம்பியன் செல்சி. காயம் ஆறிச் சாஹா திரும்பிவிட்டார். ஸ்ட்ரைக்கர் இல்லை என்பதால் ஹாட்ஜ்சன் சாஹா, டவுன்செண்ட் என்ற இரண்டு விங்கர்களையும், அதாவது பக்கவாட்டில் ஓடித் தாக்குபவர்களையும், முன்வரிசையில் ஜோடியாக நிறுத்தினார். 11ஆவது நிமிடம், கோல் வாயில் ஒரு குழப்பம், பந்து செல்சியின் அஸ்பிலிகுவேட்டா மேல் பட்டு உள்ளே போனது. சீசனின் முதல் கோல், அதையும் எதிரணிக்காரர்தான் அடித்துக் கொடுத்தார். செல்சி சமன் செய்தது. இடைவேளைக்குச் சற்று முன் சாஹா இடது பக்கமிருந்து உள்ளே புகுந்து அடித்தார். 2-1. எட்டாவது ஆட்டத்தில் முதல் வெற்றி.

வறுமையில் பிறந்த அந்த ஏற்பாடு, ஸ்ட்ரைக்கர் இல்லாத குறைக்கு இரண்டு விங்கர்களை முன்னால் நிறுத்தியது, பேலஸின் சீசனையே தூக்கி நிறுத்தியது. ஹாட்ஜ்சனின் பெருமை இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இருப்பதை வைத்துச் சமாளிப்பது அவர் கலை. டி போயரோ இல்லாத ஆட்களை இருப்பதாக நினைத்து ஆடினார்.

அதற்குப் பிறகும் ஏற்றம் சீராக இல்லை. வெஸ்ட் ஹாமுக்கு எதிராக 97ஆவது நிமிடத்தில் சாஹா அடித்த கோலில் 2-2. ஸ்டோக்கை 2-1, வாட்ஃபோர்டைக் கடைசி நிமிடங்களில் 2-1. லெஸ்டரை அவர்கள் ஊரிலேயே 3-0. டிசம்பர் 31 அன்று, தொடர்ந்து 18 வெற்றி கண்டிருந்த மான்செஸ்டர் சிட்டியைக் கோலில்லாமல் நிறுத்தினார்கள். காயத்துக்கான கூடுதல் நேரத்தில் கிடைத்த பெனால்டியை லூக்கா மிலிவோயெவிச் தவறவிடாமல் இருந்திருந்தால் அன்று வெற்றியே கிடைத்திருக்கும்.

சாஹா அந்தச் சீசனில் 29 லீக் ஆட்டம் ஆடினார். அவர் ஆடாத 9 ஆட்டத்திலும் பேலஸ் தோற்றது, ஒரு டிராகூட இல்லை. டி போயரின் நான்கில் மூன்றும், ஹாட்ஜ்சனின் முதல் மூன்றும் அந்த ஒன்பதுக்குள் அடங்கும். இந்த ஒரு வரியைப் படித்த பிறகு ஃபார்மேஷன் சண்டையில் எனக்குப் பெரிதாக ஆர்வம் இல்லாமல் போனது.

பக்கத்து வீட்டுச் சாட்சி

இப்போது அந்த இன்னொரு கிளப்புக்கு வருவோம். போர்ன்மவுத். 2017 ஆகஸ்டில் வெஸ்ட் பிராமிடம் 0-1, வாட்ஃபோர்டிடம் 0-2, மான்செஸ்டர் சிட்டியிடம் கூடுதல் நேரக் கோலில் 1-2. செப்டம்பரில் ஆர்சனலிடம் 0-3. நான்கு ஆட்டம், நான்கு தோல்வி, ஒரே ஒரு கோல். டி போயர் நீக்கப்பட்ட அன்று போர்ன்மவுத்தும் பூஜ்யத்தில்தான் நின்றது.

மேனேஜர் எடி ஹவ். 2008-09இல் 17 புள்ளி அபராதத்தோடு நான்காவது டிவிஷனில் தொடங்கிய கிளப்பை மூழ்காமல் காப்பாற்றி, இடையில் சிறிது காலம் விலகித் திரும்பி, 2015இல் பிரீமியர் லீக்வரை ஏற்றியவர். அவரை நீக்கலாமா என்று அங்கே யாரும் உரக்கக் கேட்கவில்லை. செப்டம்பர் 15 அன்று பிரைட்டனை 2-1 என்று வென்றார்கள். ஆனால் எட்டு ஆட்டம் முடிந்தபோது போர்ன்மவுத்துக்கு 4 புள்ளி, பேலஸுக்கு 3. அட்டவணையின் கடைசி இரண்டு இடமும் இந்த இரண்டு கிளப்புக்கும்தான்.

2018 மே மாதம் சீசன் முடிந்தது. பேலஸ்: 11 வெற்றி, 11 டிரா, 16 தோல்வி, 45 கோல், 44 புள்ளி. போர்ன்மவுத்: 11 வெற்றி, 11 டிரா, 16 தோல்வி, 45 கோல், 44 புள்ளி. எதிரணிகளிடம் வாங்கிய கோலில் மட்டும் வித்தியாசம், 55க்கு 61. அதனால் பேலஸ் 11ஆம் இடம், போர்ன்மவுத் 12.

இந்த இரண்டு வரியையும் அருகருகே வைத்து முதல்முறை பார்த்தபோது எங்காவது அச்சுப் பிழை இருக்குமோ என்று தோன்றியது. ஒருவர் மேனேஜரைத் தூக்கினார், மற்றவர் வைத்துக்கொண்டார். முடிவு ஒன்றே. இரு கிளப்பும் நேருக்கு நேர் மோதிய இரண்டு ஆட்டமும் 2-2. அவற்றில் முதலாவது, டிசம்பர் 9 அன்று செல்ஹர்ஸ்ட் பார்க்கில் நடந்தது. கடைசி நிமிடத்தில் பேலஸுக்குப் பெனால்டி. அதே ஆட்டத்தில் ஏற்கனவே பெனால்டியில் கோல் அடித்திருந்த மிலிவோயெவிச்தான் அடிக்க வேண்டியவர். நெடுநாளாகக் கோல் இல்லாமல் தவித்த பென்டெக்கே பந்தை வாங்கிக்கொண்டார். அடித்தார், அஸ்மிர் பெகோவிச் பிடித்துத் தடுத்தார். மேனேஜர் மாறி மூன்று மாதம் ஆகியும் பேலஸின் பழைய நோய் அப்படியே இருந்ததற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டாம். அந்தச் சீசன் முழுவதும் பென்டெக்கே லீக்கில் அடித்தது 3 கோல். கிளப்பில் அதிகக் கோல் அடித்தவர் நடுக்களத்தில் ஆடும் மிலிவோயெவிச், 10. அதில் ஏழு பெனால்டி.

அப்படியென்றால் மேனேஜரை மாற்றுவதும் மாற்றாததும் ஒன்றுதானா? இல்லை. இந்த ஜோடியிலிருந்து அந்த முடிவுக்குத் தாவுவது அவசரம். ஹவ்விடம் இருந்த வீரர்கள் அவருக்காக, அவருடைய ஆட்டத்துக்காக, பல ஆண்டாகச் சேர்க்கப்பட்டவர்கள். நான்கு தோல்வி வந்தாலும் நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். அங்கே பொறுமைக்கு அடித்தளம் இருந்தது. டி போயருக்கு அந்த அடித்தளத்தை யாரும் போட்டுக் கொடுக்கவில்லை. அவரைப் பொறுத்துக்கொண்டிருந்தாலும் ஜனவரிவரை புது ஆள் வாங்க வழியில்லை. ஸ்ட்ரைக்கர் அலெக்சாண்டர் சோர்லோத் வந்ததே ஜனவரியில்தான்.

மேனேஜரை மாற்றினாலே பிழைத்துவிடலாம் என்பதற்கும் அந்தச் சீசனில் ஆதாரம் இல்லை. கீழே இறங்கிய ஸ்வான்சி, ஸ்டோக், வெஸ்ட் பிராம் மூன்றும் சீசன் நடுவில் மேனேஜரை மாற்றியவைதான். வெஸ்ட் பிராம் நீக்கியது யாரைத் தெரியுமா? ஒரு காலத்தில் பேலஸைக் காப்பாற்றிய அதே டோனி புலிஸை. அவர் இடத்துக்கு வந்து கரையேற்ற முடியாமல் போனவர், பேலஸ் நீக்கிய அதே பார்டியூ.

என் தீர்ப்பு

செப்டம்பர் 11இன் நீக்கத்தை நான் பிழை என்று சொல்லவில்லை. பிழை நடந்தது ஜூன் 26க்கும் ஆகஸ்ட் 31க்கும் இடையில். கிளப்பின் ஆட்டத்தை மாற்றும் வேலையை ஒரு மேனேஜரிடம் கொடுத்துவிட்டு, அதற்கான ஆட்களைச் சேர்க்காமல், முதல் நாள் காயத்திலேயே சரிந்துவிழும் மெல்லிய அணியோடு சீசனில் இறக்கினார்கள். டி போயருக்கும் இதில் பங்கு உண்டு. அணி மெல்லியது என்று தெரிந்த பிறகும் முதல் ஆட்டத்திலேயே புது முறையை முழுசாக இறக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பழைய முறையில் நான்கைந்து ஆட்டம் ஆடிப் புள்ளி சேர்த்துக்கொண்டு, பிறகு மெல்ல மாற்றியிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். இருந்தாலும் பங்கில் பெரியது நிர்வாகத்துடையது.

ரசிகர்களின் சண்டை மேனேஜர் என்ற ஒற்றை ஆளைச் சுற்றியே வட்டமடித்ததில் எனக்கு வருத்தம் உண்டு. நீக்கு என்றவர்களும் பொறு என்றவர்களும் ஒரே கேள்விக்கு இரண்டு பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நமக்கு ஏன் ஒரே ஸ்ட்ரைக்கர் என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. மேனேஜரை நீக்கியதும் நிர்வாகத்துக்கும் அந்தக் கேள்வியிலிருந்து விடுதலை கிடைத்துவிட்டது.

பொறுமை என்பதையும் மந்திரமாக ஆக்க வேண்டாம். ஹவ்வைக் கடைசிவரை வைத்துக்கொண்ட போர்ன்மவுத் 2020இல் கீழே இறங்கியது. ஹாட்ஜ்சனோ பேலஸில் 2021வரை இருந்தார், அதற்கு முன் அந்தக் கிளப் அறியாத நிம்மதியைக் கொடுத்தார். அழகான ஆட்டம் இல்லை என்ற முணுமுணுப்பு அவர் காலம் முழுக்க இருந்தது, அதுவும் நியாயமான முணுமுணுப்புதான்.

ஏழு ஆண்டு கழித்து அதே சோதனை

2024-25 சீசன். மேனேஜர் ஆலிவர் கிளாஸ்னர், ஆஸ்திரியாக்காரர். முந்தைய பிப்ரவரியில் வந்து, கடைசி ஏழு ஆட்டத்தில் ஆறை வென்று காட்டியிருந்தார். கோடையில் மைக்கேல் ஓலிஸ் பயர்ன் மியூனிக்குக்குப் போய்விட்டார். சீசன் தொடங்கியது: எட்டு ஆட்டம், ஒரு வெற்றியும் இல்லை, மூன்று டிரா, ஐந்து தோல்வி, 3 புள்ளி. பின்வரிசையில் மூன்று டிஃபெண்டர், இரண்டு விங்-பேக். தலைவர் அதே ஸ்டீவ் பாரிஷ். 2017ஐ நேரில் பார்த்த ரசிகர்களுக்கு என்ன நினைவு வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதே சண்டை மறுபடி கிளம்பியது.

இந்த முறை நிர்வாகம் அசையவில்லை. குணம் திருந்திவிட்டது என்று இதை விளக்குபவர்கள் உண்டு. எனக்கு அது போதுமான விளக்கமாகத் தெரியவில்லை. இந்த முறை அணி அந்த ஆட்டத்துக்காகச் சேர்க்கப்பட்டிருந்தது. மார்க் கெஹி பந்தோடு நிதானமான டிஃபெண்டர், அவரை வாங்கி மூன்று ஆண்டு ஆகிவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் வந்த மக்ஸான்ஸ் லக்ருவா, வொல்ஃப்ஸ்பர்க்கில் கிளாஸ்னரிடமே ஆடியவர். வலது பக்கம் ஓயாமல் ஓட டானியல் முன்யோஸ், இடது பக்கம் கிளப்பின் சொந்த அகாடமிப் பையன் டைரிக் மிட்செல். முன்னால் ஷான்-ஃபிலிப் மட்டேட்டா, அவருக்கு மாற்றாக எடி எங்கெட்டியாவையும் வாங்கியிருந்தார்கள். 2017இல் ரசிகர்கள் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டுபோன அந்த இரண்டாவது ஸ்ட்ரைக்கர்!

அக்டோபர் 27 அன்று டாட்டன்ஹாமை மட்டேட்டாவின் கோலில் 1-0 என்று வென்றார்கள். சீசன் முடிவில் 53 புள்ளி, பிரீமியர் லீக்கில் பேலஸ் அதுவரை எடுத்ததிலேயே அதிகம். 2025 மே 17 அன்று லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில், இங்கிலாந்துக் கிளப்புகளின் நாக்-அவுட் போட்டியான எஃப்.ஏ. கப்பின் இறுதியாட்டம், எதிரே மான்செஸ்டர் சிட்டி. 16ஆவது நிமிடத்தில் வலது விங்-பேக் முன்யோஸ் முழு மூச்சாக ஓடி வந்து பந்தைக் குறுக்கே போட்டார், எபெரெச்சி எஸே அதைத் தரையில் விழவிடாமல் அடித்தார். 1-0. டீன் ஹெண்டர்சன் ஒரு பெனால்டியையும் தடுத்தார். கிளப்பின் வரலாற்றில் முதல் பெரிய கோப்பை, பின்வரிசையில் மூன்று பேரை நிறுத்தி ஆடி வென்றது.